பகல் தூக்கமும் முட்டைப் பணியாரமும்

கேரட்டைத் துருவி ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் விடும். அதைப் பிழிந்துவிட்டுத்தான் முட்டையில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பணியாரக் குழியில் முட்டை ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் நிற்கும். மூன்று வயதுப் பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பும். முருங்கைக்கீரையில் ஒரு காம்புகூட இருக்கக் கூடாது. சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வதக்கி, மிளகுத்தூள் தூவி, 4 முட்டைக்கு ஒரு கைப்பிடி காய் என்று அடித்துக் குழிகளில் ஊற்றி, தீயைக் குறைத்து மூடி வைத்தால் போதும். தீ கூடினால் முட்டை ரப்பராகும், கவிச்சி அடிக்கும்.

இவ்வளவையும் சத்தமில்லாமல் செய்யக் கற்றுக்கொண்டேன். நெய்வேலி நகரியத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. அனல்மின் நிலையம் 24 மணி நேரமும் ஓடுகிறது; அதற்குப் பழுப்பு நிலக்கரி தோண்டும் சுரங்கமும் அப்படியே. இரவு ஷிப்ட் முடித்து வரும் என் கணவர் பகலில் தூங்கியாக வேண்டும். தூக்கம் கெட்ட ஆள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பது ஆபத்து, அதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை. ஆனால் சின்னக் குவார்ட்டர்ஸில் ஒருவருடைய பகல் தூக்கம் தானாக நடப்பதில்லை. மிக்சி ஓடக் கூடாது. குக்கர் விசில் அடிக்கக் கூடாது. பிள்ளை அழக் கூடாது. பிள்ளைகள் அதிகம் அழுவதோ சாப்பாட்டுத் தட்டின் முன்னால்தான். அழாமல் சாப்பிட வைப்பதும் அந்த ஷிப்டில் சேர்ந்த வேலைதான். வருகைப் பதிவேட்டில் என் பெயர் இல்லை, அவ்வளவே.

ஊரிலிருந்து மாமியார் போன் செய்வார். மகனிடம், "தூங்கினியாப்பா?" என்னிடம், "புள்ள சாப்பிட்டானா?" சின்ன வயதில் புது உணவைச் சந்தேகிப்பது பிள்ளைகளின் இயல்பு, ஒன்றையே பத்துப் பதினைந்து முறை வைத்த பிறகுதான் சில பிள்ளைகள் தொடும் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். வீடுகளில் இதற்குப் பெயர் வேறு: "அம்மாவுக்கு ஊட்டத் தெரியல."

ஓய்வு நாளில் கணவரும் சமைப்பார். காயை மிக்சியில் அரைப்பார். அன்றைக்குத்தான் பகலில் யாரும் தூங்குவதில்லையே.

அரசாங்கமும் இதே சிக்கலில் மாட்டியிருக்கிறது என்பதில் எனக்கொரு ஆறுதல். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தது. கலைஞர் ஆட்சியில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010இல் பள்ளிகளில் வாரத்துக்கு ஐந்தானது. ஜெயலலிதா ஆட்சியில் 2013இல்தான் வெறும் அவித்த முட்டை, மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று மாறத் தொடங்கியது. தினமும் ஒரே ருசி என்றால் பிள்ளைக்குச் சலிக்கும் என்று ஒப்புக்கொள்ள 24 ஆண்டுகள்! சரி, அந்த மசாலாவுக்கு வெங்காயம் வதக்குவது யார்? சத்துணவுக் கூடத்துப் பெண்கள். காலமுறை ஊதியம் கேட்டு எத்தனையோ முறை சாலை மறியல் செய்து கைதானவர்கள். பிள்ளைக்குச் சோறு போடுவதைச் 'சேவை' என்று சொன்னால் சம்பளத்தைக் குறைக்கலாம். 'பாசம்' என்று சொல்லிவிட்டால் கொடுக்கவே வேண்டாம்.

எங்கள் பகுதி அங்கன்வாடியில் என் மகன் கேரட்டைத் துண்டு துண்டாகவே தின்றான். "பக்கத்துல பத்துப் புள்ளைங்க தின்னுதுங்கல்ல, அதாம்மா" என்றார் அங்கிருக்கும் உதவியாளர் அக்கா. அவர் பேரன் வீட்டில் காயைத் தொடமாட்டானாம். மருமகளிடம் சொல்வதற்காகப் பணியாரப் பக்குவத்தை என்னிடம் கேட்டுக்கொண்டார். "உங்க பையன்கிட்டயும் சொல்லுங்கக்கா" என்றேன். சிரித்தார். அவருக்கும் இந்த வாரம் இரவு ஷிப்டாம்.