பழைய வால்வுப் பெட்டி

கம்பியின்றித் தொலைதூரத்திற்குச் செய்தி போக்கும் வித்தையை ஊதியம் கருதாது உவப்பின் பொருட்டே பயில்வோர்க்கு அமெச்சூர் ரேடியோக்காரர் என்று பெயர். அரசாங்கத் தேர்வில் தேறி, அனுமதியும் அழைப்புக் குறியும் பெற்ற பின்னரே ஒருவர் இதில் ஈடுபடலாம். இக்காலத்தில் அன்னோர் கையாளும் கருவி பெரும்பாலும் டிரான்ஸிஸ்டர்களால் ஆய சிறு பெட்டி; 100 வாட் அளவு சக்தியை ஏரியலுக்கு ஈவது. அது போதாதென்று கருதுவோர் பெட்டிக்கும் ஏரியலுக்கும் இடையே சக்தியைப் பெருக்கும் மற்றொரு கருவியை வைப்பர். வால்வுகளால் இயங்கும் அத்தகைய பழங்கருவி ஒன்றைப் பற்றியே யான் ஈண்டு எழுதப் புகுந்தேன்.

யான் உத்தியோகத்தின் பொருட்டுக் குடியேறிய அமெரிக்க மிச்சிகன் மாகாணத்தில், ஏரிக்கரையை அடுத்துப் பென்டன் ஹார்பர் என்றோர் ஊர் உளது. அங்கிருந்த ஹீத் கம்பெனியார் 1947 முதல் மின்கருவிகளின் உறுப்புகளைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, இன்ன கம்பியை இன்ன இடத்தில் பற்றவைக்க என்று படிப்படியாகக் கூறும் புத்தகத்தோடு அனுப்பி வந்தனர். வாங்கியவர் தம் இல்லத்து மேஜையில் அமர்ந்து தாமே பூட்டிக்கொள்ளல் வேண்டும். 1992-ல் அவ்வியாபாரம் நின்றுபோயிற்று. அவர்கள் 1964-ல் வெளியிட்ட எஸ்.பி.-200 என்னும் சக்தி பெருக்கும் கருவியை எங்கள் தெருவில் வாழ்ந்த முதியவர் ஒருவர் தம் வாலிபத்தில் பூட்டியிருந்தார். ரேடியோக்காரர் இறந்தால் அவரை 'மௌனமான சாவி' என்பது அச்சமூகத்தின் வழக்கு. அவர்தம் தந்திச் சாவி ஓய்ந்தது என்பது பொருள். முதியவர் மௌனமான பின், அவர் மனைவியார் அப்பெட்டியை என்னிடம் ஒப்புவித்து, "இது மறுபடியும் பேசவேண்டும், ஆனால் அவர் செய்தபடியே இருக்கவேண்டும்" என்றார். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுவன என்பதை அம்மையார் அறியார்.

முரண் யாதெனில் கூறுவேன். இக்கருவியில் 572பி என்னும் வால்வுகள் இரண்டு உள. அவற்றின் பிளேட்டுகளுக்கு ஏறத்தாழ 2,400 வோல்ட் தேவை. அம்மின்சாரத்தைச் சேமித்துச் சீர்செய்ய ஆறு கண்டென்ஸர்கள் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் 450 வோல்ட் வரை தாங்கவல்லது. ஆதலின் ஆறும் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் வரையிற் கேடில்லை. அப்பங்கீட்டைக் காப்பவை ஒவ்வொன்றின் குறுக்கேயும் அமைந்த ரெஸிஸ்டர்கள். கருவியை நிறுத்திய பின் எஞ்சிய மின்சாரத்தை வடிப்பவையும் அவையே. ஐம்பது அறுபது ஆண்டுகளில் கண்டென்ஸருக்குள் இருக்கும் ஈரப்பசை உலர்கிறது. ரெஸிஸ்டர்களோ வெப்பத்தால் தம் அளவினின்றும் பிறழ்கின்றன. ஒன்று தளர்ந்தால் அதன் பங்கு மற்றவற்றின் தலையில் விழும், பின் வெடிக்கும். ரெஸிஸ்டர் அறுந்துபோனாலோ வடிகால் இல்லாதொழியும். நிறைந்த நிலையில் அவ்வாறிலும் 60 ஜூல் அளவு சக்தி தங்கும். ஆறு கிலோ பாரத்தை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் சக்திதான். ஆயினும் அது நொடிப்பொழுதில் ஒருவன் மார்பினூடே பாயுமாயின் அவன் பிழைப்பதரிது.

ஆதலின் யான் ஒரு விதி செய்துகொண்டேன். கொல்லக்கூடியது எதுவோ அதனை மாற்றுவது; கிழடு தட்டியது மாத்திரமே எதுவோ அதனைத் தொடாது விடுவது. அவ்விதிப்படி கண்டென்ஸர்கள், ரெஸிஸ்டர்கள், சுவர் மின்சாரத்தைக் கொணரும் வடம் ஆகிய மூன்றும் புதியனவாயின. பின்புறத்து ரிலே இணைப்பில் 100 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அக்காலத்துக் கருவிகள் அதனைப் பொறுத்தன, இக்காலத்து டிரான்ஸிஸ்டர் பெட்டியோ கருகிவிடும். அதனால் இடையில் ஒரு சிறு தடுப்பும் வைத்தேன். எஞ்சியவை யாவும் முதியவர் கைவேலையே. அவர் ஈயம் வைத்த முனைகள் இன்றும் பளபளக்கின்றன. கம்பிகளைச் சதுரமாக மடித்து ஓட்டியிருக்கும் ஒழுங்கைக் கண்டு எனக்குப் பொறாமையே உண்டாயிற்று. பழைய உறுப்புகளை ஒரு டப்பாவிலிட்டு அம்மையாரிடமே கொடுத்தேன். அவர் அவற்றை நெடுநேரம் நோக்கிப் பின், "இவை இல்லாவிட்டாலும் அது அவருடையதுதானா?" என்று வினவினார். ஆம் என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை.

மூடியைத் திறக்குமுன் சுவரினின்றும் வடத்தைப் பிடுங்குதல் வேண்டும். பின் மீட்டர் முள் பூஜ்யத்திற்கு வரும்வரை பொறுத்தல் வேண்டும். வந்த பின்னும் அதனை நம்பலாகாது. நீண்ட காப்புக்கோலின் முனையில், பூமியோடு இணைத்த கம்பியைக் கட்டி, அதனால் உயர் வோல்ட் முனையைத் தொட்டபின்னரே கை வைக்கலாம். அப்பொழுதும் இடக்கை சட்டைப்பையிலேயே இருக்கட்டும் என்பர் அனுபவசாலிகள்.

இயக்கும் முறையும் அவசரத்தை ஏற்பதன்று. இக்காலத்துப் பெட்டிகள் தாமே சுருதி கூட்டிக்கொள்ளும். இதற்கோ 'பிளேட்', 'லோடு' என்னும் இரு திருகுகளைக் கையால் திருப்பி, வெளிச்செல்லும் சக்தி உச்சத்தை அடையுமாறு செய்தல் வேண்டும். சில நொடிகள் முயன்று, சிறிது ஓய்ந்து, மறுபடியும் முயல்வதே முறை; தொடர்ந்து முயன்றால் பிளேட் செக்கச் சிவந்து வால்வின் ஆயுள் கரையும். கிரிட் மின்னோட்டத்தின்மேலும் ஒரு கண் வேண்டும்.

இத்துணைப் பாடுபட்டுப் பெறுவது யாது? 100 வாட் 600 வாட் ஆகிறது. கேட்பவர் மீட்டரில் முள் ஒரு பிரிவினும் சற்றே அதிகம் நகரும், அவ்வளவே. அண்டை மாகாணத்தாரோடு உரையாட இதனை முடுக்குவது, கொசுவை உலக்கையால் அடிப்பதாகும். ஆனால் இங்கிருந்து தமிழ்நாட்டிற்கு 13,000 கிலோமீட்டருக்கு மேல். நேர்வழி வடதுருவத்திற்கு அணித்தாய்ச் செல்வது. துருவ ஒளி கிளர்ந்த நாட்களில் அலைகள் அங்கே நலிந்து தேயும். இரைச்சலின் விளிம்பில் நிற்கும் குரலுக்கு அந்த ஒரு பிரிவே, சொல் கேட்பதற்கும் கேளாமைக்கும் உள்ள வேற்றுமை.

சென்ற மார்கழியில் ஒரு காலை, 20 மீட்டர் அலைவரிசையில், நம் கல்லூரிப் பௌதிக சாலையில் என்னுடன் பயின்ற தோழர் ஒருவரை அழைத்தேன். பெட்டி தனித்துப் பேசியபோது அவருக்கு என் அழைப்புக் குறியில் பாதியே எட்டியது. வால்வுகளை ஏற்றியபின் முழுதும் எட்டியது. நான்கு நிமிஷம் பேசினோம். அவர் கேட்ட முதற்கேள்வி, பின்னணியில் கரகரவென்று ஒலிப்பது யாது என்பதே. அது மின்விசிறி. முதியவர் இட்ட எண்ணெய் வற்றிவிட்டது. அடுத்த வாரம் ஒரு துளி விடல் வேண்டும்.