பருப்பு வேகாத தண்ணீர்

மூன்றாவது தடவையும் அதே வாடை. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைப் பிரித்ததும் மூக்கில் ஏறுமே, அந்த மருந்து வாடை. மூன்று வாரம் காத்திருந்து தயாரித்த பியர், கிட்டத்தட்ட 20 லிட்டர், சமையலறைத் தொட்டியில் போனது. அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

அவர் பேசாததுதான் எனக்குச் சங்கடம். வீட்டில் பியர் தயாரிக்கப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து, நொதிக்க வைக்கும் கலனுக்கு அவர் வைத்த பெயர் 'அந்த வாளி'. சிங்கப்பூரில் 2004 முதல் இதற்கு அனுமதி உண்டு, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், விற்கக் கூடாது என்றெல்லாம் விளக்கினேன். "சட்டத்தையா நான் கேட்டேன்?" என்றார். அவருடைய அண்ணன் குடியால் சீக்கிரமே போய்ச் சேர்ந்தவர். எங்கள் வீட்டில் அந்த மாமாவைப் பற்றிய பேச்சே எழாது.

வாடைக்குக் காரணம் தேடினேன். கலனை மாற்றினேன். ஈஸ்ட்டை மாற்றினேன். முளைகட்டிய பார்லியான மால்ட்டை வேறு கடையில் வாங்கினேன். மாற்றாமல் விட்டது ஒன்றைத்தான்: தண்ணீர். பியரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான் என்பது தெரிந்தும், அதை ஒரு பொருளாகவே நான் எண்ணவில்லை.

குழாய்த் தண்ணீரில் கிருமி வளராமலிருக்கக் குளோரமைன் சேர்க்கிறார்கள். குடிக்க அது பாதுகாப்பானது, வாசனையும் தெரியாது. ஆனால் மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் ஃபீனால் வகைப் பொருள்களோடு சேர்ந்தால் அந்த மருந்து வாடை பிறந்துவிடும். கொதிக்க வைத்தாலும் குளோரமைன் எளிதில் போகாது. கேம்டன் மாத்திரையில் கால் துண்டைப் பொடித்து 20 லிட்டரில் கலக்கினால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். நான்காவது பியரில் வாடை இல்லை. குடிக்கும்படி இருந்தது. ஆனால் சப்பென்று இருந்தது.

அதன் பிறகுதான் தண்ணீரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ஐரோப்பாவின் புகழ்பெற்ற பியர்கள் பலவும் அந்தந்த ஊர்த் தண்ணீர் போட்ட வழியில் போனவை. செக் நாட்டின் பில்சன் நகரத் தண்ணீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. 1842ல் அங்கே பிறந்த பொன்னிற பில்ஸ்னர் மென்மையானது. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க் கிணறுகளில் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட், நிறைய. அது ஹாப்ஸ் பூவின் கசப்பைக் கூர்மையாக்கும். அந்த ஊர் வெளிர்நிற ஏல் உலகெங்கும் பெயர் வாங்கியது. லண்டன் தண்ணீரில் கார்பனேட் அதிகம். வறுத்த கரிய மால்ட்டின் புளிப்பை அது சமன் செய்யும் என்பதால் போர்ட்டர் என்ற கரும்பியர் அங்கே நன்றாக அமைந்தது.

நம் குழாயில் வருவதோ உப்பு குறைந்த மென்தண்ணீர். அதை எந்த ஊர்த் தண்ணீராகவும் மாற்றிக்கொள்ளலாம்! எனக்கு ஆசை எல்லை மீறியது. பர்ட்டனையே வீவக வீட்டுக்குள் கொண்டுவர நினைத்து, 20 லிட்டருக்கு 20 கிராம் ஜிப்சம் போட்டேன். லிட்டருக்கு 560 மில்லிகிராம் அளவுக்குச் சல்ஃபேட் ஏறியிருக்கும். வந்த பியர், மாத்திரையைக் கடித்து மென்றது போல் நாக்கை வறட்டியது.

அதையும் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது அம்மா மேசையில் கிடந்த பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார்.

"இது டோஃபு உறைய வைக்கப் போடுற பொடிதானே? இதை எதுக்குத் தண்ணியில போடுற?"

சொன்னேன். கால்சியம், சல்ஃபேட், ஊர் ஊராக மாறும் தண்ணீர் எல்லாவற்றையும். பாதியிலேயே எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க ஊர்ல கிணத்துத் தண்ணி அப்படித்தான் தம்பி. பருப்பு வேகாது. விறகுதான் தீரும். அவசரத்துக்கு ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுவோம். இல்லேன்னா ஊருணித் தண்ணிதான். ஊருணி ரெண்டு மைல்."

"நீங்களா போய் எடுத்து வருவீங்க?"

"அண்ணன்தான். சைக்கிள்ல ரெண்டு பக்கமும் குடத்தைக் கட்டி, விடியறதுக்கு முன்னாடி போய்ட்டு வந்திரும். ஒரு சொட்டு சிந்தாது. பள்ளிக்கூடம் போறப்ப நான் சாப்பிட்டுப் போகணும்னு."

ராமநாதபுரத்தில் விடியற்காலையில் சைக்கிள் மிதிக்கும் ஓர் இளைஞன். என் மாமாவை அப்படி நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அம்மா அவரைப் பற்றிப் பேசி நான் கேட்பது அதுதான் முதல்முறை. நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் அதற்கு மேல் சொல்லவில்லை.

அம்மா சொன்னதில் வேதியியலும் இருந்தது. கடினநீரின் கால்சியம் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும், அதனால்தான் வேகாது. ஊருணியில் தேங்குவது மழைநீர், அதில் கால்சியம் குறைவு. பருப்புக்கு ஆகாத அதே கால்சியம் பியருக்கு வேண்டும். மால்ட்டை ஊறவைக்கும் நீரின் பிஎச் அளவை 5.2க்கும் 5.6க்கும் இடையில் கொண்டுவர அது உதவும். நல்ல தண்ணீர், கெட்ட தண்ணீர் என்று தனியாக இல்லை. எதற்கு, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இப்போது 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு வைத்திருக்கிறேன். கசப்பு தூக்கலான வெளிர்நிற ஏலுக்கு 20 லிட்டரில் 5 கிராம் ஜிப்சம். சல்ஃபேட் 140 மில்லிகிராம் வரை ஏறும், அது போதும். மால்ட்டின் இனிப்பும் திண்மையும் வேண்டுமென்றால் ஜிப்சத்துக்குப் பதில் கால்சியம் குளோரைடு. கரிய ஸ்டவுட்டுக்கு நம் மென்தண்ணீரில் புளிப்பு மிகுந்துவிடும். அதற்கு அம்மா டப்பாவிலிருந்தே 2, 3 கிராம் ஆப்பசோடா.

அம்மாவின் மனம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாதம் ஒரு தடவைக்கு மேல் கூடாது, தனியாக உட்கார்ந்து குடிக்கக் கூடாது. இரண்டும் அவர் போட்ட சட்டங்கள். இவை 30 லிட்டர் சட்டத்தைவிடக் கடுமையானவை, மீறியதில்லை. அவர் ஒரு வாய்கூடச் சுவைத்ததும் இல்லை. புட்டியைத் திறந்ததும் முகர்ந்து பார்த்து, "மருந்து வாடை இல்ல," என்பார். அவ்வளவுதான்.

போன வாரம் ஸ்டவுட்டுக்குச் சோடா எடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து தராசின் எண்ணைப் பார்த்தார்.

"மூணு தாண்டிருச்சு. எடு, கொஞ்சம் எடு."

எடுத்தேன்.