சக்கரங்களின் மேல் ஒரு சிறு வீடு

வீட்டைச் செம்மையாக வைத்திருக்கும் திறமை எம்மவருட் பலருக்கு உண்டு. ஆனால், அவ்வீட்டிலிருந்து மூன்று நாட்களுக்கு வேண்டியவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, ஒரு ஜீப் வண்டியின் பின்புறத்துள் அடக்கி, காட்டுப் பாதையிலே குலுங்கிக் குலுங்கிச் சென்று, வேண்டிய வேளையில் வேண்டிய பொருளை இருட்டிலும் கையால் தடவி எடுப்பதென்பது தனியொரு கலையாகும். அக்கலையிலே நாம் கற்றுக்கொண்ட சிலவற்றை, விடுமுறைக்குக் காடு செல்லும் குடும்பங்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படுமென்ற எண்ணத்துடன் எழுதுகின்றோம்.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே நூறு கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் பொத்துவில் இருக்கின்றது. அதனையும் கடந்து, பாணமையையும் கடந்து சென்றால் உகந்தை முருகன் கோவிலும், அதனை அடுத்துக் குமண வனத்தின் வாயிலும் வரும். முன்னர் யால கிழக்கு என்று வழங்கிய இவ்வனம் 2006 ஆம் ஆண்டிலே குமண தேசிய வனம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. வனசீவராசிகள் திணைக்களத்திலே முன்கூட்டிப் பதிவு செய்துகொண்டால், கும்புக்கன் ஓயாவின் கரையிலே கூடாரமடித்துத் தங்கலாம். அங்கே கடையில்லை, குழாய் நீரில்லை, கொண்டு சென்றதே உண்டு.

எமது மாமாவிடம் பழைய லாண்ட் றோவர் ஒன்று இருக்கின்றது. முன்னிருக்கையிலே மாமாவும் அம்மாவும். இரண்டாம் வரிசையிலே நாம் இருவர். எஞ்சிய மூன்றாவது ஆசனத்திலே பாய் தலையணைகளும் ஒரு காஸ் அடுப்பும். இதுவே எங்கள் வழக்கமாயிருந்தது. இம்முறை, எழுபத்தெட்டு வயது நிரம்பிய எமது அம்மம்மா, "நானும் உகந்தைக்கு வாறன்" என்று ஒரே சொல்லிற் கூறிவிட்டார். அறுபதுகளிலே, தம் இளவயதில், அவர் உகந்தை வழியாகக் காட்டினூடே கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்றவர். 1983 இல் தொடங்கி 2009 இல் முடிவுற்ற போரின் காலத்திலே அக்காடு பல ஆண்டுகள் மூடப்பட்டுக் கிடந்தது. பின்னர் முழங்கால் வலி வந்து சேர்ந்தது. "ஆசனத்திலே ஒரு பொருள் இருந்தாலும் ஆளுக்கு இடமில்லை. காலியாக்கித் தந்தால் அம்மாவைக் கூட்டிச் செல்வேன்" என்றார் மாமா. அந்த ஓர் ஆசனத்துக்காகவே நாம் வண்டி முழுவதையும் புதிதாக அடுக்க நேர்ந்தது.

முதற் காரியமாக, எல்லாவற்றையும் இறக்கி விறாந்தையிலே பரப்பினோம். நான்கு கத்திகள், மூன்று லாந்தர்கள், இரண்டு அடுப்புகள், மடிக்கும் கதிரைகள், பாட்டுப் பெட்டி எனப் பொருட்கள் மதில்வரை நீண்டன. எதைத் தள்ளுவது என்பதில் எமக்குள் வழக்குத் தோன்றியது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவர் வக்கீலாக நின்றோம். அம்மம்மா சாய்மனைக் கதிரையில் இருந்தவாறே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு கேட்டார்: "மகன், இதைத் தலையில வைச்சுக்கொண்டு நாலு கட்டை நடப்பியா?"

அக்கேள்வியே எமக்குத் தராசாயிற்று. நடைப்பயணத்திலே அவரவர் மூட்டையை அவரவரே சுமக்க வேண்டும். அரிசி, உப்பு, புளி, மாற்றுடை, நனையாமற் பொதிந்த நெருப்புப்பெட்டி, அவ்வளவுதான். தலையிற் சுமந்தவருக்கே பொருளின் உண்மையான விலை தெரியும். வண்டி சுமக்கும்போது நாம் அதனை மறந்துவிடுகின்றோம். ஒரு மணி நேரத்துள் கதிரைகளும், பாட்டுப் பெட்டியும், இரண்டாவது அடுப்பும், இரண்டு லாந்தர்களும் வீட்டுக்குள் திரும்பின. ஆனால் மருந்துப் பெட்டி, மாற்றுச் சக்கரம், இழுவைக் கயிறு, நீர் ஆகிய நான்கிலும் எவரும் கை வைக்கலாகாது என்று மாமா விதித்தார். இவை பயன்படாமலே திரும்பி வந்தால் அது பேறு. இல்லாமற் போனால் அது பேராபத்து.

அடுத்தது பாரம். ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவுமாக ஐந்து லீற்றர் என்று கொண்டால், ஐவருக்கு மூன்று நாட்களுக்கு 75 லீற்றர் நீர் வேண்டும். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. ஆகவே, வளர்ந்த ஒரு மனிதரின் எடை நீரிலேயே வந்துவிடுகின்றது. இதனை எங்கே வைப்பது? கரத்தை ஓட்டியவர்களுக்கு விடை தெரியும். பாரம் பின்னுக்குப் போனால் நுகம் மேலெழுந்து மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னுக்கு வந்தால் கழுத்தை அழுத்தும். அச்சின்மேல் ஒத்து நின்றாலே மாடு சுகமாக இழுக்கும். ஜீப்பிலும் அதுவே நியாயம். கனத்த பொருள் பின்னச்சுக்கு அப்பாற் போனால் முன்சக்கரங்கள் இலேசாகிச் சுக்கான் பிடி தளரும். கூரைமேல் ஏறினால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, சரிவான பாதையிலே வண்டி புரளவும் கூடும். ஆகையால், நீர்க்கலங்கள் நான்கையும் தரையோடு, இரண்டாம் ஆசனத்தின் முதுகோடு ஒட்டி வைத்தோம். கூரைக்குப் பாயும் கூடாரத் துணியும் மட்டுமே சென்றன.

எரிபொருள் கொண்டு செல்லும் அழுத்தமான இரும்புக் கலத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1930களிலே ஜேர்மனியர் தம் படைக்காக ஆக்கியது அது; 20 லீற்றர் கொள்ளும். ஜேர்மனியரை 'ஜெரி' என்று விளித்த ஆங்கிலேயப் படையினரே அதற்கு 'ஜெரி கான்' என்று பெயரிட்டனர். அதன் தலையிலே மூன்று கைபிடிகள் இருப்பதை மாணவர்கள் கவனித்திருப்பர். நிறைந்த கலத்தை நடுப்பிடியால் ஒருவர் தூக்கலாம். ஓரப்பிடிகளால் இருவர் பகிர்ந்து தூக்கலாம். வெறுங் கலங்களாயின் ஒரே கையில் இரண்டைக் கோத்துச் செல்லலாம். இத்தகைய கலத்தை ஆட்கள் இருக்கும் அறைக்குள் வைத்தல் ஆகாது. வெளியே பூட்டிச் செல்ல வேண்டும். சமையற் காஸும் அவ்வாறே. அது காற்றினும் கனமானது. கசிந்தால் வண்டியின் அடித்தளத்திலே தங்கி நின்று ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிறிய 2.3 கிலோ உருளையொன்றையே கொண்டு செல்கின்றோம். அதனையும் வெளியே, பின்கதவின் தாங்கியில், நிமிர்த்திக் கட்டினோம்.

பின்னர் பெட்டிகள். ஒரே அளவான, மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிகள் ஐந்து வாங்கினோம். பொருளின் பெயரை எழுதாமல், தொழிலின் பெயரை எழுதினோம்: அடுக்களை, படுக்கை, வெளிச்சம், குளிப்பு, மருந்து. தேநீர் வேண்டுமென்றால் கேத்தலும் சீனியும் தேயிலையும் நெருப்பும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டுமேயன்றி, நான்கு பெட்டிகளைத் திறக்க வேண்டியதாகாது. கடைசியில் வேண்டியது முதலில் ஏறும். முதலில் வேண்டியது கடைசியில் ஏறும். மழைக்குள் இறங்க நேர்ந்தால் முதலில் வேண்டுவது படங்கு. ஆதலால் அது கதவோரத்தில் இருந்தது. அதனருகே ஜாக்கி, மண்வெட்டி, இழுவைக் கயிறு. சேற்றிலே சக்கரம் புதைந்தபின், மண்வெட்டியை எடுப்பதற்காக வீடு முழுவதையும் மழையில் இறக்குவது எவருக்கும் வேண்டாத துன்பம்.

எல்லாம் அடுக்கியாயிற்று என்று எண்ணும்போதுதான் முக்கியமான வேலை ஆரம்பமாகின்றது. அது கட்டுதல். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு மரத்தில் மோதி அரை மீற்றர் தூரத்துள் நின்றுபோனால், பின்னால் இருக்கும் பத்துக் கிலோ பெட்டி ஏறத்தாழ இருநூறு கிலோ பாரம் தள்ளுவது போல முன்னே பாயும். அதன் முன்னே இருக்கப் போகின்றவர் எமது அம்மம்மா. மாமா ஒவ்வொரு பெட்டியையும் தரையிலுள்ள வளையங்களோடு பட்டிகளால் இறுக்கி, மேலே வலை விரித்து, கையால் உலுக்கிப் பார்த்தார். ஆசனத்தின் முதுகுக்கு மேலே ஒரு பொருளும் உயரக் கூடாது என்பது அவர் வகுத்த எல்லை. அதனால் பின்கண்ணாடியூடே பாதையும் தெரிந்தது.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. புத்தல – கதிர்காமம் வீதியிலே வாகனங்களை மறித்துத் தின்பண்டம் தேடும் யானைகளைப் பற்றி நாடே அறியும். மனிதர் கொடுத்துப் பழக்கியதன் விளைவு அது. காட்டிலே வாழைப்பழமும் வெல்லமும் கூடாரத்துள் இருக்கலாகாது. இறுக மூடிய பெட்டியில், வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். வெறுமையான பெட்டியொன்றையும் கொண்டு சென்றோம். அது குப்பைக்குரியது. போத்தலும் பையும் காட்டில் விட்டு வருவதற்கானவை அல்ல.

புறப்பட்ட அன்று அம்மம்மா தமது பொருட்களை ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து, மடியில் வைத்துக்கொண்டு ஆசனத்தில் அமர்ந்தார். அம்மூட்டைக்குப் பெட்டியில் இடம் வேண்டுமா என்று கேட்டோம். "இது என்னோட இருக்கட்டும்" என்றார். உகந்தையிலே மூட்டை அவிழ்ந்தது. கற்பூரமும், வெற்றிலையும், மங்கலான பழைய படமொன்றும் இருந்தன. அவரோடு அறுபதுகளிலே நடந்து சென்ற தமக்கையாரின் படம் அது. அதைக் கோவில் வாசலிலே சிறிது நேரம் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நாம் ஒன்றும் பேசவில்லை.

அன்று மாலை ஓயாவின் கரையை அடைந்தபோது இருட்டிவிட்டது. கதவைத் திறந்ததும் படங்கு கைக்கு வந்தது. அடுத்ததாக லாந்தர் வந்தது. கால் மணி நேரத்துள் தேநீரும் வந்தது. மருத மரங்களின் கீழே, சுடுதண்ணீர்ப் போத்தலை அணைத்தபடி, தாம் நடந்த பாதையின் கதையை அம்மம்மா நள்ளிரவுவரை சொன்னார். எந்தப் பெட்டியிலும் ஏற்ற முடியாத பொருள் அது.

காடு செல்லும் அன்பர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுதான்: முதலில் ஆட்களை இருத்துங்கள், எஞ்சிய இடத்திலே பொருட்களை அடுக்குங்கள். பொருட்களை முதலில் ஏற்றினால், வீட்டிலே விடப்படுபவர் பெரும்பாலும் வயதானவராகவே இருப்பார்.