மேடம்னு கூப்பிடாதே!

உங்க புரொஃபசரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்களா? கேன்டீன்ல, அவர் காதுல விழாத தூரத்துல கூப்பிடுறதைச் சொல்லலை... நேருக்கு நேரா!

2022-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. சேர்ந்தேன். 1477-ல் ஆரம்பிச்சது. நார்டிக் நாடுகளிலேயே பழசு. அவ்வளவு பழைய இடத்துல கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கணும்னு நினைச்சுப் போனேன். அடுத்த வருஷம் பிராஜெக்ட்டுக்கு ஒரு லேப் கிடைச்சப்போ, 'மதிப்பிற்குரிய மேடம்'னு கைடுக்கு மெயில் போட்டேன். 'பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்'னு பதில் வந்தது. எனக்கு வாய் வரலை பாஸ்! ரெண்டு மாசம் 'எக்ஸ்க்யூஸ் மீ'யை வெச்சே ஓட்டினேன்.

மத்ததெல்லாம் பழகிடுச்சு. பத்து மணி கிளாஸ்னா பத்தேகாலுக்குத்தான் ஆரம்பிக்கும். அந்தக் கால்மணி நேரம் காலங்காலமா வர்ற வழக்கம். நான் இருந்த ஃப்ளோக்ஸ்டா ஹாஸ்டல் ஏரியாவில் ராத்திரி பத்து மணி ஆனா, ஜன்னலைத் திறந்து தொண்டை கிழியக் கத்துவாங்க. அதுவும் வழக்கம்தான்! டிசம்பர்ல மதியம் மூணு மணிக்குள்ள சூரியன் போயிடும்.

அந்த டிசம்பர்லதான் மாட்டினேன்.

லேப்ல கடைசியா கிளம்புறதும் நான், காலையில முதல்ல வர்றதும் நான். போகும்போது பி.எச். மீட்டரோட எலெக்ட்ரோடை டிஸ்டில்டு வாட்டர்ல முக்கி வெச்சுட்டுப் போவேன். ஊர்ல காலேஜ்ல அப்படித்தான் செஞ்சோம். உண்மையில அதைப் பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல வைக்கணும். வெறும் தண்ணியில கிடந்தா அயனிகள் வெளியேறி, ரீடிங் தடுமாறும். தடுமாறுச்சு. நான் பார்த்தேன். ஆனா வாயைத் திறக்கலை. 'பெரிய லேப், நமக்குத்தான் பார்க்கத் தெரியலை'ன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒருநாள் ஃபிகா... அதாவது காபி நேரம். பிஎச்.டி. முடிக்கப்போற ஸ்வீடிஷ் சீனியர் ஒருத்தர், மூணு வாரமா தன் என்சைம் கணக்கு எதுவுமே ஒத்துவரலைன்னு தலையைச் சொறிஞ்சார். அவர் பஃபரும் அதே மீட்டர்லதான்! எனக்கு இலவங்கப்பட்டை பன் தொண்டையில நின்னுடுச்சு. அப்பவும் சொல்லலை. பயம்தான். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வர்ற மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கு 2011-லிருந்து அங்கே கட்டணம் உண்டு. எனக்கோ ஊர்ல பேங்க் லோன், அப்பா கையெழுத்து. பிராஜெக்ட்டை விட்டு அனுப்பிட்டா?

ரெண்டு நாள் தூக்கமில்லை. பத்து மணிக் கத்தல்ல என் குரல்தான் நீளமா இருந்திருக்கும்.

மூணாம் நாள் கைடு ரூம் வாசல்ல நின்னு, முதல் தடவையா பேர் சொல்லிக் கூப்பிட்டேன். எல்லாத்தையும் கொட்டினேன். திட்டுவாங்கன்னு காத்திருந்தேன்... ம்ஹூம். லேப் நோட்டைத் திறந்து, "எந்தத் தேதியிலிருந்து?"ன்னு மட்டும் கேட்டாங்க.

சீனியர்கிட்ட சொன்னதுதான் கொடுமை. கிறிஸ்துமஸுக்கு வடக்கே அம்மா அப்பாகிட்டப் போக ரயில் டிக்கெட் எடுத்து வெச்சிருந்தார். ஒண்ணும் பேசாம கேன்சல் பண்ணினார். விடுமுறை முழுக்க ரெண்டு பேரும் ஆளில்லாத லேப்ல பஃபர் கலக்கினோம். நாலு நாள் கழிச்சுத்தான் என்கிட்டச் சிரிச்சுப் பேசினார். "இந்த ஊர் செல்சியஸ் 1742-ல் அளவுகோல் போட்டப்போ கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100னு வெச்சார், தெரியுமா? பின்னாடிதான் அதைத் தலைகீழாத் திருப்பினாங்க"ன்னார். அது ஆறுதலா, கிண்டலான்னு இப்பவும் புரியலை!

வசந்தத்துல அவர் தீசிஸைப் பலகையில் ஆணி அடிச்சு மாட்டினார். நிஜ ஆணி, நிஜ சுத்தியல். யார் வேணும்னாலும் படிச்சுட்டு வந்து கேள்வி கேட்கலாம்னு அர்த்தம். வாதத்துக்கு மூணு வாரம் முன்னாடியே மாட்டணும்.

வாத நாளன்னிக்கு, எதிர்வாதம் செய்ய வெளியூர்ல இருந்து வந்தவர் சரியா அந்தப் படத்துல விரலை வெச்சார். "இதை ஏன் திரும்பச் செய்தீர்கள்?"

"எலெக்ட்ரோடு டிஸ்டில்டு வாட்டரில் இருந்தது" என்றார் சீனியர். யார் வெச்சதுன்னு சொல்லலை.

கடைசியில தலைவர், "பார்வையாளர்களில் யாருக்காவது கேள்வி உண்டா?"ன்னார். மூணாவது வரிசையில நான் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருந்தேன்.