மழையைப் போன் சொல்லட்டும்

தோட்டப் பக்கம் கெரம் போர்ட்டுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. பலகையை வைத்ததும் நாலு பேர் உட்காருவார்கள். சுற்றிலும் பத்துப் பேர் நின்று யோசனை சொல்வார்கள். கேகாலைத் தோட்ட இளைஞர்கள் சிலரோடு மண்சரிவுக்கு முன் வெளியேறப் பழக ஒரு விளையாட்டு அமைக்க உட்கார்ந்தபோது, முழுவதையும் போனுக்குள்ளேயே செய்துவிடலாம் என்று பேச்சு வந்தது. நான் கெரம் போர்ட்டைத்தான் கேட்டேன். ஒரு லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, காலி செய்வதற்கு எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியாக வேண்டும்.

2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. அதே மழையில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயமொன்றும் மண்ணுக்குள் போனது.

பலகையின் ஒரு மூலை லயம். காய்கள் குடும்பங்கள், சுண்டிச் சுண்டிப் பாதுகாப்பான எதிர்மூலைக்குச் சேர்க்க வேண்டும். பாட்டி ஒரு கனத்த மரக்கட்டை. சுண்டினால் அசையாது, இரண்டு பேர் ஆளுக்கொரு விரல் வைத்துத் தள்ள வேண்டும். பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில், இருக்கும் குழந்தைகளுக்கு ஒரே கயிற்றில் கட்டிய சின்னக் காய்கள். ஒரு காய் பின்தங்கினாலும் எல்லாருக்கும் தோல்வி.

போனுக்கு மழை மட்டும். சுற்றுக்குச் சுற்று எத்தனை மில்லிமீற்றர் என்று சொல்லும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குத்தான்: 24 மணி நேரத்தில் 75 என்றால் விழிப்பு, 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் வெளியேற்றம். 100க்கும் 150க்கும் நடுவில் நடக்கும் வாக்குவாதமே எனக்கு இந்த விளையாட்டின் உயிர். சீக்கிரம் கிளம்பினால் அன்றைய பேர், அதாவது நாள் கூலி, போகும். அதற்கென்று தனி வில்லைகள் வைத்தோம். கூலியை மறைத்துவிட்டு ஆபத்தை மட்டும் சொல்லும் விளையாட்டைத் தோட்டத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

சில ஆட்டங்களில் போன் பாதியில் மௌனமாகிவிடும். பெருமழையில் கரண்ட் போனால், சிக்னலும் போவதுண்டே. அப்போது நேரான போத்தலில் கரண்டியால் ஊற்றும் தண்ணீரை அடிமட்டம் வைத்து அளந்து, மண்சரிவின் அறிகுறிகள் எழுதிய அட்டைகளைப் புரட்ட வேண்டும்: கதவு இறுகுகிறது, மரம் சாய்கிறது, ஊற்றுத் தண்ணீர் சேறாக வருகிறது. சிறுபிள்ளைகள் பெரியவர்களை முந்துவது இந்த இடத்தில்தான்.

எதிர்மூலையில் பள்ளிக்கூடத்தை வரைய வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடமே சரிவில் நிற்கும் தோட்டங்கள் இருக்கின்றன. ஆகவே அந்த மூலையில் எதுவும் வரையாமல் பலகையை அனுப்புகிறோம். மண்சரிவு அபாய வரைபடத்தைப் பார்த்து, கிராம சேவகரிடமும் கேட்டு, அந்தந்தத் தோட்டத்தார் தங்கள் இடத்தைத் தாங்களே வரைந்த பிறகுதான் முதல் காயைச் சுண்டலாம்.