கிணற்றுக்குக் கட்டிய சுவரை நீச்சல் குளத்துக்கும் கட்டுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சிறு குழந்தை இருப்பவர்கள் கடைசி வரை படித்துவிடுங்கள்.

நம் புதுச்சேரியின் பழைய வீடுகளில் பின்கட்டில் கிணறு இருக்கும். அதைச் சுற்றி இடுப்பளவு கைப்பிடிச் சுவர் இருக்கும். சுவர் இல்லாமல் யாரும் கிணறு வெட்டி விட்டுவைத்ததில்லை. சட்டத்துக்குப் பயந்து கட்டிய சுவர் அல்ல அது, பிள்ளைகளுக்காகக் கட்டியது.

இப்போது கிணறு போய் நீச்சல் குளம் வருகிறது. பிரான்சில் இருக்கும் என் மாணவர் ஒருவர் லாஸ்பேட்டையில் வீடு கட்டுகிறார். போன வாரம் வாட்ஸ்அப்பில் பிளானை அனுப்பி, "டீச்சர், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். கூடத்துக் கதவைத் திறந்தால் நேரே குளம். நடுவே வேலி இல்லை. கேட்டால், "வேலி போட்டா அழகு போயிடும்னு இன்ஜினியர் சொல்றார் டீச்சர். எப்பவும் ஆள் இருப்பாங்க, பாத்துக்கலாம்" என்கிறார்.

இந்தப் 'பாத்துக்கலாம்' என்ற சொல்தான் எனக்குப் பயம். பல வருடங்களுக்கு முன் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சம்ப்பின் மூடி திறந்திருந்தது. விசேஷ நாள், வீடு நிறைய ஆட்கள். குழந்தை பாட்டியிடம் இருக்கிறது என்று தாய் நினைத்தாள். அத்தையிடம் இருக்கிறது என்று பாட்டி நினைத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. யாருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. சினிமாவில் காட்டுவதுபோல் குழந்தை கையை அடித்துக் கூச்சல் போடாது. மூச்சுக்கே வழியில்லாதபோது கூப்பிடுவது எப்படி? சத்தமில்லாமல் மூழ்கிவிடும்.

அந்த மாணவர் வாழும் பிரான்சிலேயே இதற்குச் சட்டம் இருக்கிறது. 2003 ஜனவரி 3 அன்று வந்தது. 2004 முதல் தரைக்குள் பதித்துக் கட்டும் தனியார் குளத்துக்கு வேலி, எச்சரிக்கை மணி, மூடி, மேற்கூடு என்ற நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும். மீறினால் 45,000 யூரோ வரை அபராதம். மணி, குழந்தை விழுந்த பிறகு அடிக்கும். வேலி விழாமலே தடுக்கும். அதனால் நான் வேலியைத்தான் சொல்வேன்.

எப்படிப்பட்ட வேலி? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில விதிகள் தெளிவாக இருக்கின்றன. உயரம் குறைந்தது 1.2 மீட்டர். கம்பிகளுக்கு நடுவிலும், வேலிக்கும் தரைக்கும் நடுவிலும் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கதவு குளத்தின் பக்கம் திறக்காமல் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். கைவிட்டால் தானே மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். ஏறுவதற்கு வசதியாகப் பக்கத்தில் நாற்காலி, பூந்தொட்டி எதுவும் இருக்கக் கூடாது.

முக்கியமான விஷயம் ஒன்று. மதில் சுவர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். மதில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தடுக்கும். உங்கள் பிள்ளை வருவது வீட்டுக்குள்ளிருந்து. ஆகவே வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவிலும் வேலி வேண்டும். நாலு பக்கமும் இருந்தால்தான் அது வேலி.

குளம் இல்லாதவர்கள் நமக்கென்ன என்று இருக்க வேண்டாம். சம்ப் இல்லாத வீடு நம் ஊரில் எத்தனை? மூடி கனமாக இருக்கிறதா, பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் லாரி வந்து போனதும் மூடியதை ஒருவர் கையால் தொட்டுப் பார்க்கட்டும். குளியலறை வாளியில் இரவு தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள். தவழும் குழந்தைக்கு அதுவே போதும்.

விடுமுறைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் குளம் உள்ள வீடு எடுக்கிறவர்கள், வாடகை பேசும்போதே வேலி உண்டா என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆள் கேட்பதற்குள் போட்டுவிடுவார்கள்.

கண் அசரும், போன் அடிக்கும், அடுப்பில் பால் பொங்கும். வேலிக்கு இந்த வேலையெல்லாம் இல்லை. பேரன் பேத்தி உள்ள உறவினர்களுக்கு இதை அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்