திருகாணி வியாபாரி சமைத்த நகரம்

இங்கிலாந்தின் நடுப்பாகத்திலே இருக்கிறது பர்மிங்ஹாம் நகரம். லண்டனுக்குரிய ராஜ வைபவமும், ஆக்ஸ்போர்டுக்குரிய புராதனப் பெருமையும் அதற்குக் கிடையா. துப்பாக்கி, பேனா முள், பொத்தான், ஆணி ஆகியவற்றைச் செய்து உலகமெங்கும் விற்றுப் பெயர் வாங்கிய ஊர் அது. அந்நகரின் மத்தியில், டவுன் ஹாலுக்கு அருகேயுள்ள சதுக்கத்திலே, ஊசிக் கோபுரம் தாங்கிய கல் நீரூற்று ஒன்று நிற்கிறது. 1880-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்றது. ஊர்த் தண்ணீரை ஊருக்கே உடைமையாக்கிய ஒரு மேயருக்கு, அவர் உயிரோடிருக்கும்போதே அவ்வூரார் எடுத்த ஞாபகச் சின்னம் அது. சதுக்கமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஜோஸப் சேம்பர்லேன் பிறந்தது 1836-இல், லண்டனில். பதினெட்டாவது வயதில், தம் உறவினரான நெட்டில்போல்டு குடும்பத்தாரின் திருகாணித் தொழிலில் தந்தையார் போட்ட முதலைக் கவனித்துக்கொள்ளப் பர்மிங்ஹாமுக்கு வந்தார். கூர்முனைத் திருகாணிகளைத் தானே செய்யும் அமெரிக்க யந்திரத்தின் உரிமையை அந்தக் கம்பெனி வாங்கியிருந்தது. யந்திரம் ஆணியைச் செய்தது. சேம்பர்லேன் அதற்குச் சந்தை பிடித்தார். இருபது வருஷங்களில் பெருஞ்செல்வம் சேர்ந்தது. 1874-இல், நாற்பது வயதுகூட நிறையுமுன், தொழிலிலிருந்து விலகிக்கொண்டார்.

அதற்கு முன்பே நகரசபை அவரை இழுத்துக்கொண்டது. ஜார்ஜ் டாஸன் என்ற பிரசங்கியார், ஊர்த் தொண்டும் தெய்வத் தொண்டே என்று அந்நகரத்தாருக்குப் போதித்து வந்த காலம் அது. 1869-இல் அங்கத்தினராகப் புகுந்த சேம்பர்லேன், 1873 நவம்பரில் மேயரானார். 1876-இல் பார்லிமெண்டுக்குச் செல்லும் வரை அப்பதவியிலேயே இருந்தார்.

அந்த மூன்றாண்டுக்குள் அவர் செய்த காரியங்களைப் பாருங்கள். ஊருக்கு விளக்கெரிக்கும் வாயுவை இரண்டு தனியார் கம்பெனிகள் விற்று வந்தன. ஏறக்குறைய இருபது லட்சம் பவுன் கொடுத்து இரண்டையும் நகரசபைக்கு வாங்கினார். அடுத்தபடியாகத் தண்ணீர்க் கம்பெனியையும் பதின்மூன்றரை லட்சம் பவுனுக்கு வாங்கினார். ஏழைகள் வசித்த சந்துகளில் கக்கூஸ் கழிவு கிணறுகளில் ஊறிக்கொண்டிருந்தது. அதைக் குடித்த குழந்தைகள் மாண்டார்கள். ஜனங்களின் உயிர் விஷயத்தை லாபத்துக்கு உழைக்கும் கம்பெனியிடம் விட்டு வைக்கலாகாது என்பது மேயரின் வாதம். வாயுவில் லாபம் பார்த்து ஊர் நன்மைக்குச் செலவிடலாம். தண்ணீரில் மட்டும் லாபம் கூடாது என்று பாகுபாடு செய்தார். வியாபாரத்தில் கரைகண்டவர் வாயிலிருந்து இந்தப் பேச்சு வந்ததுதான் விசேஷம்!

நீரூற்றிலிருந்து சிறிது நடந்தால் கார்ப்பரேஷன் தெரு வரும். இழிந்த சேரிகளை நகரசபையே விலைக்கு வாங்கி இடித்து, 1878 முதல் அமைத்த ராஜபாட்டை இது. மனைகளை விற்றுவிடாமல் 75 வருஷக் குத்தகைக்கே விட்டார்கள். பிற்காலத்தில் சொத்து ஊருக்கே திரும்ப வேண்டுமென்ற முன்யோசனை. சிவந்த சுடுமண் வேலைப்பாடு அமைந்த நியாயஸ்தலம் இத்தெருவில் இன்றும் கண்ணைக் கவர்கிறது. ஆனால் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இடிபட்ட குடிசைகளில் இருந்தவர்களுக்கு மாற்று வீடுகள் மிகச் சிலவே எழுந்தன. கடைகள் வந்தன, ஏழைகள் வேறு சந்துகளில் போய் நெருங்கினார்கள்.

நகரின் தெற்கே, சர்வகலாசாலையின் நடுவில், ஏறக்குறைய 100 மீட்டர் உயரமுள்ள மணிக்கூண்டு நிற்கிறது. 'கிழ ஜோ' என்று அதை மாணவர்கள் அழைக்கிறார்கள். 1900-இல் ஏற்பட்ட அக்கலாசாலையின் முதல் வேந்தர் சேம்பர்லேனே. அந்நாளில் அவர் மேயரல்லர். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் குடியேற்ற நாட்டு மந்திரி. அயர்லாந்துக்குத் தனிப் பார்லிமெண்டு அளிக்க வந்த மசோதாவை 1886-இல் எதிர்த்துத் தம் கட்சியையே பிளந்துவிட்டு வந்தவர் அவர்.

1902-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தென்னாப்பிரிக்கா சென்றபோது, நேட்டால் இந்தியர்களின் தூதுக்குழுவைக் காந்திஜி அவர்முன் அழைத்துச் சென்றார். கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழர் பல்லாயிரவர் உழைத்த நாடு நேட்டால். குறைகள் உண்மையே போலும் என்றார் மந்திரி. ஆனால் சுயாட்சி பெற்ற குடியேற்ற நாட்டில் லண்டனுக்கு அதிகாரம் சொற்பம், வெள்ளையரின் நல்லெண்ணத்தைத் தேடிக்கொள்ளுங்கள் என்று கைவிரித்துவிட்டார். அடுத்துச் சென்ற டிரான்ஸ்வாலோ, அப்போது நேரே அவருடைய இலாகாவின் கீழிருந்தது. அங்கே இந்தியர்களின் தூதுக்குழுவில் காந்திஜி சேரவே அதிகாரிகள் இடங்கொடுக்கவில்லை.

தம் ஊரார் தம் தண்ணீரைத் தாமே ஆளத் தக்கவர் என்று கண்ட கண், கடலுக்கு அப்பாலிருந்த கறுத்த மனிதரிடம் அதே தகுதியைக் காணவில்லை. அதனால் பர்மிங்ஹாமில் அவர் செய்தது பொய்யாகிவிடாது. அங்கே செய்தது எவ்வளவு மெய்யோ, அவ்வளவு பெரிது மற்ற இடத்தில் மறுத்தது.

அவர் கட்டிய ஏற்பாடுகளும் நிலைத்திருக்கவில்லை. வாயு 1949-இல் தேசத்தின் உடைமையாயிற்று. தண்ணீர் 1974-இல் நகரசபையின் கையைவிட்டுப் போய், 1989-இல் மறுபடியும் தனியார் கம்பெனி வசமாயிற்று. 2023-இலோ, வரவுக்குள் செலவு அடங்கவில்லை என்று நகரசபையே பகிரங்கமாக அறிவிக்க நேர்ந்தது. சேம்பர்லேன் இருந்திருந்தால் அந்தக் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பார்த்திருப்பார்!

1914 ஜூலையில் அவர் காலமானபோது, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர முன்வந்தார்கள். குடும்பத்தார் வேண்டாமென்றார்கள். பொற்கொல்லர் பட்டறைகள் நிறைந்த பேட்டையை அடுத்து, கீ ஹில் என்னும் மயானத்திலே அவர் சமாதி இருக்கிறது. மந்திரியாகப் பெரும் புகழ் ஈட்டியவரைக் கடைசியில் அவருடைய ஊரே ஏற்றுக்கொண்டது.